தீவுக்கு முதலில் சட்டி

அன்புள்ள ஐயா,

ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்டால் கையில் எந்த 5 பொருள் இருக்க வேண்டும்? ஹாஸ்டலில் இதுதான் சண்டை. நான் கத்தி, தீப்பெட்டி, தூண்டில், கயிறு, துப்பாக்கி என்றேன். ஒருத்தன் செல்போன் என்கிறான். நீங்கள் என்றால்?

ம., மேலூர்

அன்புள்ள ம.,

எந்தத் தீவு என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லையா?

ஸ்காட்லாந்து மாலுமி அலெக்சாண்டர் செல்கிர்க் 1704-ல் சிலிக்கு அப்பால் ஒரு தீவில் தனியாக இறங்கினார். கப்பல் ஓட்டை, இனி இதில் வரமாட்டேன் என்று சண்டை போட்டு இறங்கியவர். (கப்பல் பிறகு மூழ்கத்தான் செய்தது.) துப்பாக்கி மருந்து தீர்ந்ததும் ஆடுகளை விரட்டி ஓடித்தான் பிடித்தார். கத்தி தேய்ந்ததும் பீப்பாயின் இரும்புப் பட்டையைத் தட்டிப் புதுசு செய்துகொண்டார். இப்படி 4 வருஷத்துக்கு மேல் ஓட்ட முடிந்ததென்றால், காரணம் அங்கே நல்ல தண்ணீர் ஓடியதுதான்.

நமக்குக் கிட்டத்தில் இருப்பவை மன்னார் வளைகுடாத் தீவுகள். தேசியப் பூங்கா, பரீட்சை பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். குடிதண்ணீரை நம்பி அங்கே இறங்க முடியாது. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதை வெளியே தள்ள, குடித்ததைவிடக் கூடுதல் தண்ணீரைச் சிறுநீரகம் உடம்பிலிருந்து எடுத்துவிடும்.

அதனால் எனக்கு முதலில் வேண்டியது மூடி போட்ட பெரிய எவர்சில்வர் சட்டி. கொஞ்சம் கடல் தண்ணீர் ஊற்றி, நடுவில் கல் வைத்து, அதன்மேல் ஒரு சிரட்டை. மூடியின் குமிழ் கீழே பார்க்கும்படி கவிழ்த்து, மேலே ஈரத்துணி போட்டு அடுப்பேற்றினால், ஆவி குளிர்ந்து குமிழ் வழியே சிரட்டையில் சொட்டும். சாராயம் காய்ச்சுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விறகு ஏகமாய்த் தின்னும், கிடைப்பது கொஞ்சம். ஆகவே அடுத்தது தார்ப்பாய்: பகலில் நிழல், மழை வந்தால் தண்ணீர் பிடிக்கலாம்.

தீப்பெட்டி உப்புக் காற்றில் நமுத்துவிடும், சிவகாசிக்காரர்கள் கோபிக்கக் கூடாது. கல் வைத்த சிகரெட் லைட்டர் எடுங்கள். கேஸ் தீர்ந்தாலும் கல் பொறி தரும். கத்திக்குப் பதில் திருப்பாச்சேத்தி அரிவாள்; விறகும் பிளக்கும், தேங்காயும் வெட்டும்.

ஐந்தாவது, கப்பலுக்கு வெயிலைக் காட்டத் தட்டையான முகக்கண்ணாடி. பைக் கண்ணாடி பெரும்பாலும் புடைத்திருக்கும், ஒளி சிதறிவிடும்.

தூண்டிலை விட்டுவிட்டேன். தண்ணீர் இல்லாமல் மீன் தின்றால் தாகம்தான் கூடும்.

செல்போன் நண்பரையும் ரொம்ப ஓட்டாதீர்கள். டவர் கிடைக்காவிட்டாலும், அணைந்த திரை கண்ணாடி அளவுக்கு இல்லையென்றாலும் வெயிலைக் கொஞ்சம் திருப்பி அடிக்கும். கண்ணாடியோடு அவர் அதையும் கொண்டுவரட்டும்.