வாசல்ல மாட்டின போர்டு

கேள்வி: சார், வியாசர்பாடி இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல லேத் ஓட்டுறேன். பொண்ணுக்கு ட்ரிபிள்-ஈ (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) சீட்டு கெடச்சிருக்கு. அட்மிஷனுக்கு போனா டிபார்ட்மென்ட் வாசல்ல பிஈஓ, பிஓ, சிஓன்னு பெரிய போர்டு. அங்க இருந்தவர கேட்டா "அது இன்ஸ்பெக்ஷனுக்குப்பா"ன்றாரு. இன்னா சார் அது?

பதில்: அண்ணே, அவர் சொன்னது பாதி நெசம். இன்ஜினியரிங் கோர்ஸுக்கு அங்கீகாரம் குடுக்குற என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) ஆளுங்க வந்தா அதத்தான் நோண்டுவாங்க. 2014ல இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்துல, அதாவது பல நாடுங்க ஒருத்தர் இன்ஜினியரிங் டிகிரிய ஒருத்தர் ஏத்துக்குற ஒப்பந்தத்துல, முழு உறுப்பினர் ஆச்சு, சிலபஸ் முடிச்சீங்களான்றத விட புள்ளைக்கு என்ன செய்ய வந்துச்சுன்னு காட்டுன்றதுதான் அதோட கணக்கு. சிஓன்னா (கோர்ஸ் அவுட்கம்) ஒவ்வொரு பாடமும் முடிஞ்சா வர வேண்டியது, பிஓ (ப்ரோக்ராம் அவுட்கம்) நாலு வருஷம் முடியும்போது, பிஈஓ (ப்ரோக்ராம் எஜுகேஷனல் அப்ஜெக்டிவ்) வேலைக்கு போய் சில வருஷம் கழிச்சு ஆளு எங்க நிக்கணும்ன்றது.

உங்க பட்டறையவே எடுத்துக்குங்க. லோடு 10 கிலோவாட், த்ரீ பேஸ் 415 வோல்ட், பவர் ஃபேக்டர் (இழுக்குற கரன்ட் எவ்ளோ உருப்படியா வேலைக்கு ஆவுதுன்ற அளவு) 0.7ன்னா லைன்ல கிட்டத்தட்ட 20 ஆம்பியர் ஓடும், அதையே 0.95க்கு கொண்டாந்தா 14.6 தான். இந்த ஃபார்முலாவ பரீட்சைல எழுதிடலாம், அது மொத பிஓ, அதாவது இன்ஜினியரிங் அறிவு, அவ்ளோதான். அப்பா பட்டறைக்கு பவர் ஃபேக்டர அப்படி ஏத்த சுமாரா 7 கேவிஏஆர் (கெபாசிட்டரோட அளவு) கெபாசிட்டர் போதும்னு கணக்கு போட்டு, மோட்டார் நிக்கும்போது அத கழட்டி விடலன்னா பவர் ஃபேக்டர் லீடிங்குக்கு, அதாவது கரன்ட் வோல்டேஜுக்கு முன்னாடி ஓடுற பக்கத்துக்கு, போயிடும்னு யோசிச்சு, அதையும் உங்களுக்கு புரியுற மாதிரி சொல்றா பாருங்க, அப்போ அந்த போர்டுல பாதி வந்துடுச்சு.

முன்ன 12 பிஓ இருந்துச்சு, இப்போ 11 ஆக்கிட்டாங்க, சமூகம்னும் சுற்றுச்சூழல்னும் தனித்தனியா இருந்தத ஒண்ணா சேத்துட்டாங்க. நம்ம பக்கம் அது எப்பவோ ஒண்ணுதான்! பசங்க மனப்பாடம் பண்ணி தாண்டிடுற பாயிண்ட் இது, ஆனா அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துல யூனிட் எப்படி ஓடுதுன்னு படிக்கிற பொண்ணு, அந்த நிலக்கரி சாம்பல் எங்க போவுது, கொசஸ்தலை ஆத்துல எறா புடிக்கிறவங்க ஏன் சண்டை போடுறாங்கன்னும் தெரிஞ்சிக்கணும்ல.

காலேஜ்ல ரெண்டே ரெண்டு கேளுங்க, மெஷின்ஸ் லேப்ல ஒரு மோட்டருக்கு எத்தன பேரு நிப்பாங்க, கடைசி வருஷ ப்ராஜெக்ட் பசங்களே பண்றாங்களா இல்ல காசு குடுத்து வாங்குறாங்களா. உங்க பொண்ணு ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் பொறுக்கி தானே சால்டர் வெச்சு ரெண்டு சர்க்யூட் போர்டு கருக்கட்டும், தப்பில்ல.

கேள்வி: தம்பி டிப்ளமோ எலக்ட்ரிகல் முடிச்சிட்டான், லேட்டரல்ல சேந்தா அவனுக்கும் இதே பிஓ தானா சார்? (தண்டையார்பேட்டை வாசகி)

பதில்: அதே தாம்மா. நேரா ரெண்டாவது வருஷம் போறதால கணக்குதான் இடிக்கும், லேப்லாஸ், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் எல்லாம் இந்த லீவுலயே போட்டு பாக்க சொல்லுங்க. லேப்ல அவன்தான் மத்தவங்களுக்கு சொல்லித் தருவான் பாருங்க.