கணினிக் கேள்வி பதில்: பெயர் சொல்லாதவருக்கும் திறந்திருந்த கதவு

கேள்வி: வணக்கம். சுங்கை சிப்புட்டில், சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கும் ஒரு கூட்டுறவில் கணினிப் பொறுப்பைப் பார்த்துக்கொள்கிறேன். எடைச் சீட்டு, பட்டுவாடாக் கணக்கு எல்லாமே மூன்று சர்வர்களை ஒன்றாக இணைத்து இயக்கும் குபெர்னெட்டிஸ் மென்பொருளின் கிளஸ்டரில் (சர்வர் தொகுப்பில்) ஓடுகின்றன. 2018-இல் ஒரு நிறுவனம் அமைத்துக் கொடுத்தது. பிறகு படிப்படியாகப் புதிய பதிப்புகளுக்கு உயர்த்தியிருக்கிறார்கள். அண்மையில் கணக்காய்வுக்கு வந்தவர், சி.வி.இ-2019-11253 என்ற பாதுகாப்புப் பிழை எண்ணைக் குறித்து, ‘சேவை மறுப்புப் பிழை, சரிபார்க்கவும்’ என்று எழுதிவிட்டுப் போனார். பதிப்பைத்தான் உயர்த்திவிட்டோமே, இன்னும் எதைச் சரிபார்க்க வேண்டும்?
– கணினிப் பொறுப்பாளர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, அந்தக் குறிப்பை ஒதுக்கிவிடாதீர்கள். சேவை மறுப்பு என்றால், சர்வரைத் திணறடித்து வேலை செய்யாமல் முடக்குவது. பதிப்பை உயர்த்தியதால் அந்தப் பிழை அடைபட்டிருக்கும். ஆனால் அந்தப் பிழைக்கு வழிவிட்ட கதவு, உங்களுடையதைப் போலப் பழைய காலத்தில் தொடங்கிய கிளஸ்டரில், இன்றும் திறந்தே இருக்கக்கூடும்.

குபெர்னெட்டிஸில் எந்தக் கட்டளையும் ஏ.பி.ஐ. சர்வர் என்ற நிரலின் வழியாகத்தான் போகும். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) கிராணியின் (எழுத்தரின்) பதிவேட்டைத் தாண்டாமல் எவரும் வேலைக்காட்டுக்குப் போக முடியாது அல்லவா, அதே ஏற்பாடுதான். அந்தச் சர்வரிடம் கொடுக்கும் கட்டளைகளை யாமல் அல்லது ஜேசன் என்னும் எழுத்து வடிவத்தில் அனுப்புகிறோம். இவற்றுள் யாமலுக்கு ஒரு வசதி உண்டு: ஒரு பகுதிக்குப் பெயர் வைத்துவிட்டால், பிறகு அந்தப் பெயரை மட்டும் எழுதினால் போதும், படிக்கும் நிரல் அந்த இடத்தில் முழுப் பகுதியையும் விரித்துக்கொள்ளும். ஒரே அமைப்பைப் பத்து இடங்களில் எழுதுகிறவருக்கு இது பெரிய உதவி.

வினை இங்கேதான் தொடங்கியது. ஒரு கோப்பின் முதல் வரியில் மூன்றெழுத்துச் சொல் ஒன்றை ஒன்பது முறை எழுதி, அந்த வரிக்கு ஒரு பெயர் வைக்கிறார்கள். இரண்டாம் வரியில் முதல் வரியின் பெயர் ஒன்பது முறை. மூன்றாம் வரியில் இரண்டாம் வரியின் பெயர் ஒன்பது முறை. இப்படியே ஒன்பது வரிகள். கண்ணுக்குத் தெரிவது சில நூறு எழுத்துகள்தாம். விரித்துப் பார்த்தால் இரண்டாம் வரியில் 81 சொற்கள், மூன்றாம் வரியில் 729, ஒன்பதாம் வரியில் 38 கோடியே 74 லட்சத்து 20 ஆயிரத்து 489. நம் மலேசிய வழக்கில் சொன்னால் 387 மில்லியன். எழுத்துகளை மட்டும் எண்ணினாலே 116 கோடியைத் தாண்டும். ‘மேலே உள்ள பக்கத்தை ஒன்பது முறை எழுது’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதிய ஒரு நோட்டைக் கிராணியிடம் நீட்டி, அதை முழுவதும் பெயர்த்தெழுதிய பிறகுதான் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னால் பெரட்டு என்ன ஆகும்? எக்ஸ்.எம்.எல். என்ற முந்தைய எழுத்து வடிவத்தின் காலத்திலேயே ‘பில்லியன் லாஃப்ஸ்’ என்ற பெயரில் அறிமுகமான பழைய தந்திரம்தான் இது. 2019-இல் குபெர்னெட்டிஸிலும் அது பலித்தது. உங்கள் கணக்காய்வாளர் குறித்த பிழை அதுதான்.

அந்த ஆண்டு அக்டோபரில் இந்தப் பிழையின் அறிவிப்பு வெளியான வாரத்தில், வலையமைப்பிலிருந்து துண்டித்து வைத்திருந்த ஒரு பழைய கணினியில் நானே இதைச் சோதித்துப் பார்த்தேன். நினைவகத்தைக் காட்டும் பட்டை ஏறிக்கொண்டே போனது. விசைப்பலகையில் தட்டிய எழுத்து திரையில் வரவே வெகுநேரம் பிடித்தது. முடிவில் லினக்ஸ் ஏ.பி.ஐ. சர்வரைத் தானே கொன்றுவிட்டது. அது மறுபடி எழுந்ததும் அதே கோப்பை மீண்டும் அனுப்பினேன், மீண்டும் விழுந்தது. விழும் ஒவ்வொரு முறையும் மறுதொடக்கத்துக்கு முன் காத்திருக்கும் நேரம் 10 விநாடி, 20 விநாடி, 40 விநாடி என இரட்டித்து, ஐந்து நிமிடம் வரை போகும் என்பதால், தாக்குகிறவர் அடிக்கடி உழைக்க வேண்டிய தேவைகூட இல்லை. இத்தனைக்கும் காரணமான கோப்பு ஓர் எடைச் சீட்டை விடச் சிறியது என்பதை அன்று என்னால் எளிதில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இதன் கடுமை 10-க்கு 7.5 என மதிப்பிடப்பட்டது. 1.13.12, 1.14.8, 1.15.5, 1.16.2 ஆகிய பதிப்புகளில் அடைத்துவிட்டார்கள். இன்று யாமலைப் படிக்கும் நிரல், பெயர்கள் வரம்பு மீறி விரிவதைக் கண்டால் கோப்பையே நிராகரித்துவிடும்.

இனி, கதவு. ஏ.பி.ஐ. சர்வர் வருபவரின் அடையாளத்தை முதலில் பார்க்கும். அடுத்து அவருக்கு உரிமை உண்டா என்று பார்க்கும். அதன் பிறகே அவர் கொண்டு வந்த கோப்பை விரிக்கும். ஆகவே உரிமை இல்லாதவரின் கோப்பால் இந்தத் தீங்கு நேராது. ஆனால் 1.14-க்கு முந்தைய பதிப்புகளில், ‘எனக்கு இந்த உரிமை உண்டா?’ என்று கேட்கும் கோரிக்கையை அனுப்பும் உரிமை, பெயரே சொல்லாதவருக்கும் இயல்பாக வழங்கப்பட்டிருந்தது. அந்தக் கேள்வியும் ஒரு கோப்பாகத்தான் வரும். உரிமையைப் பற்றி விசாரிக்க வைத்த சாளரத்தின் வழியாகவே யாரும் அந்த வெடிக்கும் கோப்பை நீட்டலாம் என்ற நிலை அப்படி உண்டானது.

1.14-இலிருந்து புதிதாக அமைக்கும் கிளஸ்டர்களில் இந்த உரிமை இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிளஸ்டரை உயர்த்தும்போதோ, பழைய ஏற்பாடு எதுவும் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக, அது அப்படியே விட்டுவைக்கப்பட்டது. சர்வர் தொடங்கும்போது விடுபட்ட உரிமைகளைச் சேர்க்குமே தவிர, கூடுதலாக இருப்பதை நீக்காது. 2018-இல் பிறந்த உங்கள் கிளஸ்டர் எத்தனை முறை உயர்த்தப்பட்டிருந்தாலும் இதைக் கையால் பார்த்தே தீர வேண்டும் என்பது அதனால்தான். ‘சிஸ்டம்:பேசிக்-யூசர்’, ‘சிஸ்டம்:டிஸ்கவரி’ என்ற இரண்டு கிளஸ்டர்ரோல்பைண்டிங்குகளையும் (எந்த உரிமை யாருக்கு என்று சொல்லும் பதிவுகளையும்) திறந்து, அவற்றில் ‘சிஸ்டம்:அன்ஆதென்டிகேட்டட்’ என்ற குழுவின் பெயர் இருந்தால் நீக்கிவிடுங்கள். நீக்குவதற்கு முன், ‘சிஸ்டம்:அனானிமஸ்’ என்ற பெயரில் வரும் அழைப்புகளைத் தணிக்கைப் பதிவேட்டில் ஒரு வாரம் கவனியுங்கள். நிறுவியவர்கள் எழுதிவைத்த ஏதேனும் ஒரு பழைய நிரல் அந்த வழியை நம்பிக்கொண்டிருக்கலாம். ‘சிஸ்டம்:பப்ளிக்-இன்ஃபோ-வியூவர்’ என்பதில் மட்டும் கை வைக்க வேண்டாம். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று, கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் சுமைப் பகிர்வான் அதன் வழியாகத்தான் கேட்கிறது.

ஏ.பி.ஐ. சர்வரின் 6443-ஆம் வாயில் (போர்ட்) இணையத்தை நோக்கித் திறந்திருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள். ஒரு கூட்டுறவின் எடை மையத்துக்கு அப்படித் திறந்து வைக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

கேள்வி: எங்கள் இரண்டு ஏக்கரில் வெட்டும் குலைக்கான பணக் கணக்கு அந்தக் கூட்டுறவுக் கணினியில்தான் இருக்கிறது. இந்தப் பிழையால் எங்கள் பணமோ அடையாள அட்டை எண்ணோ திருடு போகுமா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: போகாது, அம்மா. இந்த வகைத் தாக்குதல் சேவையை முடக்குமே தவிர, உள்ளே இருப்பதைப் படிக்கவோ மாற்றவோ வழி தருவதில்லை. பட்டுவாடா தாமதமாகலாம், கணக்கு மாறாது.

கேள்வி: ஏ.பி.ஐ. சர்வர் விழுந்தால் எடை போடுவதும் உடனே நின்றுவிடுமா?
– லாரி உரிமையாளர், சுங்கை சிப்புட்

பதில்: உடனே நிற்காது, ஐயா. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் அந்தந்தச் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றில் ஒன்று தானாக நின்றுபோனாலும், அங்கேயே இருக்கும் கியூப்லெட் என்னும் காவலாள் அதை எழுப்பிவிடுவார். ஆனால் அந்த நேரம் பார்த்து மூன்று சர்வர்களில் ஒன்று மின்தடையால் அணைந்தால், அதிலிருந்த வேலையை மற்ற இரண்டுக்கும் மாற்றிவிட ஆள் இருக்காது. எடைச் சீட்டு நிரல் அணைந்த சர்வரில் இருந்திருந்தால், லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எடையைக் கையால் எழுதிப் பிறகு கணினியில் ஏற்றுவதற்கு ஒரு சீட்டுப் புத்தகத்தைத் தராசருகே வைத்திருக்கும்படி கூட்டுறவிடம் நீங்களே கேட்கலாம்.

கேள்வி: குபெர்னெட்டிஸில் சேவை மறுப்புப் பிழை இது ஒன்றுதானா? ஒரே நேரத்தில் வரும் கோரிக்கைகளுக்கு வரம்பு வைத்தால் போதாதா?
– பாலிடெக்னிக் மாணவர், ஈப்போ

பதில்: ஒன்றல்ல, தம்பி. அதே 2019-இல், ஜேசன்-பேட்ச் என்ற திருத்தக் கோரிக்கையில் கணக்கில்லாத திருத்தங்களை அடுக்கி அனுப்பிச் சர்வரைத் திணறடிக்கலாம் என்று தெரியவந்தது; ஒரு கோரிக்கைக்கு 10,000 திருத்தங்கள் என்று வரம்பு வைத்து அதை அடைத்தார்கள். 2020-இல் வெளியான இன்னொன்றில், ஒரு கன்டெய்னர் (நிரல் ஓடும் தனி உறை) தன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (கணினிப் பெயர்களும் முகவரிகளும் உள்ள கோப்பில்) எழுதிக்கொண்டே போய்ச் சர்வரின் வட்டை நிரப்பிவிட முடிந்தது. வட்டுப் பயன்பாட்டை அளக்கும் பகுதி அந்தக் கோப்பைக் கணக்கில் சேர்க்காததே காரணம்.

நீங்கள் சொல்லும் வரம்பு ஏற்கெனவே இருக்கிறது. ஒரே நேரத்தில், படிக்கும் கோரிக்கைகள் 400, மாற்றும் கோரிக்கைகள் 200 என்பது ஏ.பி.ஐ. சர்வரின் இயல்பான அளவு. கூட்டமாக வந்து மொய்க்கும் தாக்குதலுக்கு அது நல்ல தடுப்பு. யாமல் கோப்போ, வரிசையில் நிற்கும் மற்ற எல்லாரையும் போல ஒற்றைக் கோரிக்கையாகத்தான் வரும், 3 எம்.பி. என்ற கோப்பளவு வரம்புக்கும் அது மிகமிகச் சிறியது. விரித்தால் எவ்வளவு ஆகும் என்பதை விரிக்கும்போதே எண்ணிக்கொண்டு, மிஞ்சும் இடத்தில் நிறுத்துகிற நிரலால் மட்டுமே அதைப் பிடிக்க முடியும்.