பரம்பரை விழித்திரை நோய்க்கு ஸ்டெம் செல் ஊசி: காசு கட்டிப் போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா (ஆர்.பி.). ஸ்டெம் செல் ஊசி போட்டால் பார்வை திரும்பும் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்துப் பல லட்சம் கேட்கிறார்கள். வீட்டை அடமானம் வைக்கலாமா என்று அப்பா யோசிக்கிறார். இந்த ஆராய்ச்சி உண்மையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், அடமானம் வேண்டாம். ஸ்டெம் செல்லில் (பல வகை செல்லாக வளரக்கூடிய மூல செல்) இருந்து வளர்த்த செல்களால் பரம்பரை விழித்திரை நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை எதற்கும், நான் இதை எழுதும் வரை, எந்த நாட்டிலும் ஒப்புதல் கிடைக்கவில்லை. நடப்பதெல்லாம் சோதனைகள்தான். முறையான சோதனையில் சேருகிறவரிடம் சிகிச்சைக்குக் காசு வாங்கக் கூடாது.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட். விழித்திரைப் பிரிவில் பார்வைப் பரிசோதனையும், பக்கவாட்டுப் பார்வை எவ்வளவு தூரம் விரிகிறது என்று அளக்கும் ஃபீல்டு டெஸ்டும் எடுப்பது என் வேலை. எங்கள் குடும்பத்திலும் ஆர்.பி. இருக்கிறது. என் பெரியம்மா மகன் செய்தித்தாளின் வரி விளம்பரத்தைக் கண்ணாடி இல்லாமல் படிப்பார். பக்கத்தில் நீட்டிய காபி டம்ளரைப் பார்க்காமல் தட்டிவிடுவார். "நல்லாத்தானே படிக்கிறான், அப்புறம் என்ன?" என்று கேட்காத உறவினர் கிடையாது. உங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் ஓடும் என்று நினைக்கிறேன். ஆகவே பட்டென்று "ஏமாற்று வேலை" என்று சொல்லி முடிக்காமல், தெரிந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

விழித்திரையில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. ஒளியை வாங்கிக்கொள்ளும் ஒளியேற்பி செல்கள் ஒன்று. அவற்றுக்கு அடியில் இருந்து ஊட்டம் கொடுத்து, கழிவை எடுத்துக்கொள்ளும் நிறமி அடுக்கு இன்னொன்று. ஆர்.பி.யில் பெரும்பாலும் இருட்டில் பார்க்க உதவும் குச்சி செல்கள் முதலில் சாகின்றன. அதனால்தான் மாலைக்கண்ணில் தொடங்கி, பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது. ஸ்டார்கார்ட் என்ற இன்னொரு பரம்பரை விழித்திரை நோயில் ஏபிசிஏ4 என்ற மரபணுப் பழுதால் நச்சுக் கழிவு சேர்ந்து, நிறமி அடுக்கும் அதை நம்பியிருக்கும் மையப் பார்வையும் கெடுகின்றன. எந்த செல் போயிற்றோ அந்த செல்லைத்தான் திருப்பி வைக்க வேண்டும். வயிற்றுக் கொழுப்பில் இருந்தோ எலும்பு மஜ்ஜையில் இருந்தோ எடுத்ததைக் கண்ணுக்குள் செலுத்தினால் அது தானாக ஒளியேற்பியாக மாறிக்கொள்ளும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் கிடையாது. கிளினிக்குகள் பெரும்பாலும் செலுத்துவது அதைத்தான்.

நிறமி அடுக்கு செல்களை வளர்ப்பது ஒப்பீட்டளவில் சுலபம் என்பதால் சோதனைகள் அங்கேதான் தொடங்கின. 2011 இல் லாஸ் ஏஞ்சலிஸில், ஸ்டீவன் ஷ்வார்ட்ஸ் தலைமையில், கருநிலை ஸ்டெம் செல்லில் இருந்து வளர்த்த நிறமி செல்களை ஸ்டார்கார்ட் உள்ள ஒருவருக்கும், முதுமையில் விழித்திரையின் மையம் கெடும் உலர் மாக்குலச் சிதைவு உள்ள ஒருவருக்கும் விழித்திரைக்கு அடியில் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு கண், 50,000 செல்கள். அடுத்து 1,00,000, அதற்கடுத்து 1,50,000 என்று படிப்படியாக ஏற்றினார்கள். 2014 இல் வந்த அறிக்கையில் மொத்தம் 18 பேர், இரு நோயிலும் ஒன்பது ஒன்பது பேர். கட்டி வளரவில்லை, உடல் செல்களை நிராகரித்ததற்கான அடையாளமும் இல்லை. சிலருக்குப் பார்வை கொஞ்சம் கூடியது. அந்த ஆய்வின் முதல் நோக்கம் பாதுகாப்பு. அந்த அளவில் அது பெரிய வெற்றி.

"பார்வை கூடியது" என்பதை எப்படி அளக்கிறார்கள்? இது என் அன்றாட வேலை என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஆய்வுகளில் ஈடிடிஆர்எஸ் என்ற எழுத்துப் பலகையைப் பயன்படுத்துவோம். வரிக்கு ஐந்து எழுத்து; 15 எழுத்து கூடினால் மூன்று வரி. நாற்காலியில் உட்காரும் ஆர்.பி. நோயாளி எழுத்தைத் தேடுவார். அவருக்கு மிச்சம் இருக்கும் சின்ன வட்டத்துக்குள் எழுத்து விழ வேண்டுமே. தலையை லேசாகச் சாய்ப்பார், கண்ணை நகர்த்துவார், "இருங்க, இருங்க, இப்போ வந்துடுச்சு" என்பார். "தோணுறதைச் சொல்லுங்க, தப்பானாலும் பரவாயில்லை" என்று நான் ஒரு வார்த்தை சொன்னாலே நாலைந்து எழுத்து கூடிவிடும். அடுத்த முறை வரும்போது தேடும் வித்தை பழகியிருக்கும், இன்னும் இரண்டு கூடும். சிகிச்சை எடுத்த ஆசையில் அவர் உயிரைக் கொடுத்துப் படிப்பார். இவ்வளவும் நடக்கும்போது கண்ணுக்குள் எதுவுமே மாறியிருக்காது.

இதை நானாகச் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவின் ஜேசைட் நிறுவனம், கருவின் விழித்திரையில் இருந்து எடுத்த முன்னோடி செல்களை 84 ஆர்.பி. நோயாளிகளிடம் சோதித்தது. ஒரு குழுவுக்கு ஊசி போடுவதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பாவனைக் குழுவும் சராசரியாக மூன்று எழுத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதலாகப் படித்தது. அதிக அளவு செல் பெற்ற குழுவுக்கு ஏழு எழுத்துக்கு மேல். பாவனைக் குழு என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் மொத்தத்தையும் செல்லின் கணக்கில் எழுதியிருப்பார்கள். கிளினிக் காட்டும் வீடியோவில் "இப்போ நல்லா தெரியுது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றும். அந்தச் சொல்லை ஒப்பிட்டுப் பார்க்க அங்கே யாரும் இல்லை என்பதுதான் குறை.

அதனால்தான் எழுத்துப் பலகையோடு நிறுத்துவதில்லை. கண் இருட்டுக்குப் பழகியபின் மங்கலான ஒளியைப் பாய்ச்சி, தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொல்லும் சோதனை உண்டு. விழித்திரை அடுக்குகளின் தடிமனைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் உண்டு. ஆர்பிஇ65 மரபணுப் பழுதுக்கான லக்ஸ்டர்னா சிகிச்சையைச் சோதித்தபோது, தரையில் அம்புக்குறி வரைந்து, குறுக்கே தடைகள் வைத்த ஒரு பாதையில் நோயாளிகளை நடக்க வைத்தார்கள். வெளிச்சத்தை 400 லக்ஸில் இருந்து 1 லக்ஸ் வரை பல படிகளில் வைத்து, எவ்வளவு மங்கல் வரை இடிக்காமல் நடக்கிறார் என்று பார்த்தார்கள். இரவில் கல்யாண மண்டபப் படிக்கட்டில் நிற்கும் ஆளுக்கு எழுத்துப் பலகையைவிட இதுதான் பொருத்தமான பரீட்சை என்பது என் எண்ணம். லக்ஸ்டர்னாவுக்கு அமெரிக்காவில் 2017 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அது மரபணு சிகிச்சை, ஸ்டெம் செல் இல்லை. இரண்டையும் கலந்து பேசும் விளம்பரங்களைப் பார்த்தால் உஷாராகிவிடுங்கள்.

2017 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இரண்டு அறிக்கைகள் ஒன்றாக வெளிவந்தன. உங்கள் அப்பாவுக்கு இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துக்காட்டுங்கள்.

ஒன்று ஜப்பானில் இருந்து. கோபே நகரில் மசாயோ தகாஹாஷியின் குழு, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் தோல் செல்லை, எந்த வகை செல்லாகவும் வளரக்கூடிய ஐபிஎஸ் செல்லாக மாற்றி, அதிலிருந்து நிறமி அடுக்கை வளர்த்து, 2014 செப்டம்பரில் ஒரு கண்ணில் வைத்தது. அவருக்கு இருந்தது ஈர வகை மாக்குலச் சிதைவு. ஒரு வருடம் கழித்தும் ஒட்டு அப்படியே இருந்தது. பார்வை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டாவது நோயாளிக்கும் செல்கள் தயாராகிவிட்டன. ஆனால் அந்த செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததால் குழு அறுவையைச் செய்யவில்லை. உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஆய்வு அது. அப்படியும் நிறுத்தினார்கள். எனக்கு அவர்கள் மீது மரியாதை வந்த இடம் இதுதான்.

இன்னொன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருந்து. 72 முதல் 88 வயது வரையான மூன்று பெண்கள், மாக்குலச் சிதைவுக்காக ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். தலைக்கு 5,000 டாலர் கட்டினார்கள். அவர்களின் கொழுப்பில் இருந்து எடுத்த "ஸ்டெம் செல்"லை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் செலுத்தினார்கள். ஊசிக்கு முன் அவர்களின் பார்வை 6/9 முதல் 6/60 வரை இருந்தது (6/60 என்றால், நல்ல கண் 60 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடியும்). சில நாட்களிலேயே இரத்தக்கசிவு, கண் அழுத்தம், விழித்திரை விலகல். ஒரு வருடம் கழித்து, இருந்ததில் நல்ல கண்ணே 6/60. ஒருவருக்கு ஒளிகூடத் தெரியாமல் போயிற்று. அவர்களில் சிலர் அதை ஆய்வு என்று நம்பித்தான் போயிருந்தார்கள். அமெரிக்க அரசின் சோதனைப் பதிவேட்டு இணையதளத்தில் அது பட்டியலிடப்பட்டிருந்தது.

இரண்டு கண்ணிலும் ஒரே நாளில். உங்களிடமும் "இரண்டு கண்ணுக்கும் சேர்த்து" என்றுதானே விலை சொல்லியிருக்கிறார்கள்? புதிய செல்லை முதன்முதலாகச் சோதிக்கும் எந்தக் குழுவும் அப்படிச் செய்யாது. பார்வை அதிகம் கெட்ட கண்ணில்தான் முதலில் வைப்பார்கள். மற்ற கண் ஒப்பிடவும் உதவும், ஏதாவது தவறிப்போனால் மனிதருக்கு மிச்சமாகவும் இருக்கும். ஒருவருக்கு வைத்தபின் குறிப்பிட்ட காலம் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரை அழைப்பார்கள்.

சரி, ஆர்.பி.க்கே வருவோம். இங்கே பெரும்பாலும் போனது ஒளியேற்பி என்பதால் வேலை கடினம். நிறமி செல்லை வைத்தால் அது இருந்த இடத்தில் இருந்தே வேலை பார்க்கும். ஒளியேற்பி அப்படியில்லை, தெருவிளக்குக் கம்பம் நட்டால் போதுமா, லைன் இழுத்தால்தானே எரியும். புது செல் அடுத்த நரம்பு செல்லோடு இணைப்பு உண்டாக்க வேண்டும். எலிகளில் இது நடந்துவிட்டது என்று பல வருடம் நம்பினார்கள். செலுத்திய செல்களுக்குப் பச்சையாக ஒளிரும் புரத அடையாளம் கொடுத்திருந்தார்கள். எலியின் விழித்திரைக்குள் பச்சை செல்கள் அழகாக உட்கார்ந்திருந்தன. 2016 இல் சில குழுக்கள் இதைத் துருவிப் பார்த்தன. ஆண் எலியின் செல்லைப் பெண் எலிக்கு வைத்து, பச்சை செல்களில் ஆணுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோம் இருக்கிறதா என்று தேடினார்கள். பெரும்பாலானவற்றில் இல்லை. அதாவது புது செல் உள்ளே போய் இணையவில்லை. அதிலிருந்த புரதம் எலியின் பழைய செல்லுக்குக் கைமாறியிருந்தது. ஒரு துறையே தன் முடிவுகளைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. கிளினிக்காரர்களின் பேச்சில் இது வரவே வராது.

இதற்குப் பிறகும் வேலை நின்றுவிடவில்லை. 2020 இல் கோபேயில், ஐபிஎஸ் செல்லில் இருந்து வளர்த்த விழித்திரைத் தாளை இரண்டு ஆர்.பி. நோயாளிகளுக்கு வைத்தார்கள். இரண்டு வருடம் வரை ஒட்டு நிலைத்திருந்தது, பெரிய பாதகம் இல்லை என்று 2023 இல் அறிக்கை வந்தது. பேயர் குழுமத்தைச் சேர்ந்த ப்ளூராக் நிறுவனம், ஐபிஎஸ் செல்லில் இருந்து வளர்த்த ஒளியேற்பி செல்களை ஆர்.பி. போன்ற நோய்களுக்காக அமெரிக்காவில் 2025 இல் மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கியது. பெங்களூரில் ஐஸ்டெம் நிறுவனம் நிறமி செல்களைச் சோதித்துவருகிறது, ஆனால் அது முதுமை மாக்குலச் சிதைவுக்கு. உங்கள் தம்பிக்குப் பொருந்தாது. எல்லாம் தொடக்கக் கட்டங்கள். எனக்கு நம்பிக்கை இருக்கிறது, நிஜமாகவே இருக்கிறது. ஆனால் ஆர்.பி. மெதுவாக நகரும் நோய். சிகிச்சையால் நின்றதா, தானே நிதானமாகப் போகிறதா என்று பிரித்துச் சொல்லவே வருடக்கணக்கில் பார்க்க வேண்டும்.

இந்தியச் சட்டநிலை பற்றி ஒரு வார்த்தை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலின்படி, சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்கு மட்டுமே ஸ்டெம் செல் வழக்கமான சிகிச்சை. மற்ற எல்லாம் ஒப்புதல் பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும். கிளினிக்கில் சிடிஆர்ஐ (இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். பதிவு வேறு, அனுமதி வேறு என்பதற்கு ஃபுளோரிடாவே சாட்சி. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதிக் கடிதம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தமிழில் ஒப்புதல் படிவத்தின் நகல், பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு என்பது, எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒருமுறை இப்படிக் கண்ணில் எதையாவது செலுத்திக்கொண்டவரை உண்மையான சோதனைகள் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. 26 வயதில் அந்தக் கதவை மூடிக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை மரபணுப் பரிசோதனைக்குச் செலவழியுங்கள். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த், ஹைதராபாத் எல்.வி. பிரசாத் ஆகிய இடங்களில் இந்த நோய்களின் மரபணுவைப் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எந்த மரபணு என்று தெரிந்தால்தான் எந்தச் சோதனைக்குத் தம்பி தகுதி என்றே பார்க்க முடியும். அப்பா அம்மா சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் என்றால் அதை ஆலோசகரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வருடம் ஒருமுறை ஓசிடியும் ஃபீல்டு டெஸ்டும் எடுத்து ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாகக் கோப்பில் வையுங்கள். ஆர்.பி. உள்ளவர்களுக்குச் சின்ன வயதிலேயே கண்புரை வருவதுண்டு, மையப் பகுதியில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. இரண்டுக்கும் இன்றைக்கே மருத்துவம் இருக்கிறது. "ஆர்.பி.தானே, ஒன்றும் செய்ய முடியாது" என்று இதையும் கவனிக்காமல் விட்டவர்களை என் நாற்காலியில் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். வைட்டமின் ஏ மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஏபிசிஏ4 பழுதாக இருந்தால் அது கெடுதல்.

கிளினிக் கொடுத்த தாள்கள் ஏதாவது கையில் இருந்தால், பெயரையும் போன் எண்ணையும் மறைத்துவிட்டு, என்ன செல், எங்கிருந்து எடுத்தது, கண்ணின் எந்தப் பகுதியில் செலுத்துகிறார்கள் என்ற வரிகளை மட்டும் இங்கே எழுதுங்கள். படித்துவிட்டுச் சொல்கிறேன்.