எந்த விழுமியம் மன நிம்மதி தரும்?

பணத்தையும் பதவியையும் பெரிதாக மதிப்பவர்களுக்கு நிம்மதி குறைவு என்பது ஆய்வில் உறுதியானதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992இல், 20 நாடுகளில் திரட்டிய தரவுகளைக் கொண்டு, அதிகாரம், சாதனை, பாதுகாப்பு, மரபு, பரிவு முதலிய அடிப்படை விழுமியங்களை, அதாவது வாழ்க்கையில் மனிதர்கள் பெரிதாக மதிப்பவற்றை, ஒரு வட்டமாக அமைத்தார்; அருகருகே இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை மோதும். பின்னர் 2000இல் அவரும் லிலாக் சாகிவும் வெளியிட்ட ஆய்வுதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. அதிகாரத்தை மதிக்கும் மாணவர்கள் வணிக மேலாண்மைத் துறையில் மனநலத்தோடுதான் இருந்தார்கள். உளவியல் துறையிலோ பரிவை மதித்தவர்களே நலமாக இருந்தார்கள். அதாவது, ஒருவருடைய விழுமியம் அவர் புழங்கும் சூழலோடு பொருந்துகிறதா என்பதும் முக்கியம். இவை தொடர்புகள்தாம், காரண காரியம் அல்ல.

அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்கும் ஓர் அக்காவிடம், “உங்கள் வாழ்க்கை நிறைவாக இருக்கிறதா?” என்று கேள்வித்தாளைப் பார்த்துக் கேட்டேன். “பெரியவனுக்கு வேல கெடச்சிடுச்சு, சின்னதுக்குத்தான் இன்னும் ஒண்ணும் அமையல” என்றார். கேள்வித்தாளில் நிறைவின் அளவைக் குறிக்கும் 1 முதல் 7 வரையான எண்களில் எதை வட்டமிடுவது? தன்னைத் தனியாளாகக் காணும் பண்பாடுகளையும் உறவுகளோடு சேர்த்தே காணும் பண்பாடுகளையும் 1991இல் உளவியலாளர்கள் ஹேசல் மார்கஸும் ஷினோபு கிடயாமாவும் பிரித்துக் காட்டியது இதைத்தான். அந்த அக்காவின் “நான்” என்பதில் இரண்டு பிள்ளைகளும் அடக்கம்.