எழுதி வாங்கியாச்சு, அப்புறம் எதுக்கு நோட்டீஸ்?

கேள்வி: சார், மச்சான் பைக்கை எடுத்துட்டு வேலைக்குப் போயிட்டிருந்தேன், ஸ்கூல் பக்கத்துல ஜீப்ரா கோட்டுக்கு முன்னாடி டவுன் பஸ் நின்னுச்சு, ஆள் இறக்குறான்னு நினைச்சு வலது பக்கமா முந்தினேன், பஸ்ஸுக்கு முன்னாடியிருந்து ஒரு அம்மா போன் பேசிக்கிட்டே வந்துட்டாங்க, மோதிருச்சு. கால்ல எலும்பு முறிவு. நான்தான் ஆட்டோ வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். 30,000 ரூபா குடுத்து, இனிமே எந்தப் பிரச்னையும் இல்லைன்னு பத்திரத்துல எழுதியும் வாங்கியாச்சு. இப்ப 8 லட்சம் கேட்டு கோர்ட் நோட்டீஸ் வந்திருக்கு, மச்சான் பேரும் இருக்கு, போலீஸ் கேஸும் ஓடுது. போன் பேசிட்டு வந்தது அவங்க தப்புதானே?

பதில்: ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க பாருங்க, அது நல்ல காரியம், மோட்டார் வாகனச் சட்டம் 134-ம் பிரிவும் அதைத்தான் சொல்லுது. ஆனா அதே பிரிவு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல தகவல் சொல்லச் சொல்லுது, அதை நம்மாளுங்க யாரும் செய்யறதில்ல, நேரா பத்திரம் வாங்கப் போயிடறாங்க.

அந்தப் பத்திரம் உங்களைக் காப்பாத்தாது தம்பி. கண்மூடித்தனமா ஓட்டுனதுக்கான பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த குற்றச் சட்டம்) 281-ம் பிரிவு கேஸை நீங்களும் அவங்களும் கைகுலுக்கிட்டா மட்டும் மூடிட முடியாது. நஷ்டஈடு தனி ரூட், அது விபத்துத் தீர்ப்பாயத்துல நடக்குது, அவங்க எவ்வளவு பாதிப்பு, எத்தனை மாசம் வேலைக்குப் போகல, டாக்டர் எத்தனை சதவீதம் ஊனம்னு எழுதியிருக்கார்னு பார்த்துத்தான் தொகை போடுவாங்க, 8 லட்சம் கேட்டாங்கங்கறதுக்காக அப்படியே குடுத்துட மாட்டாங்க. நீங்க குடுத்த 30,000-ஐக் கழிச்சுக்கச் சொல்லிக் கேளுங்க, ரசீது இருந்தா. இன்னொரு விஷயம், கம்பெனியைக் கேக்காம நீங்களா பணம் குடுக்கவோ தப்பை ஒத்துக்கவோ கூடாதுன்னு பாலிசிலயே பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, அதையும் பிடிச்சுக் கேள்வி கேப்பாங்க, தயாரா இருங்க.

தப்பு யார் மேலன்னு கேட்டீங்க. ஜீப்ரா கோட்டுக்கு முன்னாடி பஸ் நின்னா, யாருக்கோ வழி விடத்தான் நின்னிருக்கலாம்னு உங்களுக்குத் தோணியிருக்கணும். சிக்னல் இல்லாத ஜீப்ராவுல நடக்கறவங்களுக்குத்தான் முதல் உரிமை, வண்டிக்காரன்தான் நின்னு வழி விடணும். போன் பேசினதை உங்க வக்கீல் சொல்லட்டும், அவங்க மேலயும் இத்தனை சதவீதம் தப்புன்னு தீர்ப்பாயம் நினைச்சா அந்த அளவு தொகை குறையும், ஆனா விபத்து நடந்த இடத்தை போலீஸ் வரைஞ்ச ஸ்கெட்ச்ல மோதின இடம் வெள்ளைக் கோட்டுக்குள்ளன்னு இருந்தா பெருசா குறையும்னு நான் நினைக்கல. முதல்ல அந்த ஸ்கெட்ச்சையும் எப்.ஐ.ஆரையும் வாங்கிப் பாருங்க.

மச்சான் பேர் ஏன்னா, வண்டி அவர் பேர்ல இருக்கு, வண்டி உரிமையாளரையும் சேர்க்காம இந்த மனு வராது. நோட்டீஸை அலமாரியில வைக்காம ரெண்டு பேரும் சொன்ன தேதியில ஆஜராகுங்க, இல்லன்னா உங்க பக்கம் கேக்காமலே தீர்ப்பு போயிடும். உங்க லைசென்ஸ் செல்லுபடியா இருந்து, குடிக்காம இருந்து, பாலிசியும் உயிரோட இருந்தா தொகையைக் கம்பெனிதான் கட்டும், லைசென்ஸ்லயோ குடியிலயோ சிக்கல்னா அந்த அம்மாவுக்குக் கட்டிட்டு உங்ககிட்டயும் மச்சான்கிட்டயும் வசூல் பண்ண வரலாம், பாலிசியே உயிரோட இல்லன்னா நீங்களும் மச்சானும்தான் கட்டணும். அதனால இன்னைக்கே பாலிசியைத் தேடி எடுங்க, தேதியை மட்டும் பார்க்காம எத்தனை மணியிலிருந்து ஆரம்பம்னும் பாருங்க, விபத்து காலையில, புதுப்பிச்சது அன்னைக்கு மத்தியானம்னு என்கிட்ட வந்தவங்களும் இருக்காங்க.