ஒட்டகச்சிவிங்கி: கேளுங்கள், சொல்கிறேன்

செல்வி, ஈரோடு: நீங்கள் ஜூவில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன் சார். போன மாதம் பார்த்த ஒட்டகச்சிவிங்கி ஒன்று இரும்புக் கம்பியை விடாமல் நக்கிக்கொண்டே இருந்தது. உப்புக் குறைவா?

பெரும்பாலும் உப்பு இல்லைம்மா, வாய்க்கு வேலை இல்லாததுதான். இதுவும் அசைபோடும் பிராணிதான். ஆனால் மாடு மாதிரி புல்லை மேய்வதில்லை, ஆடு மாதிரி தழை கடிப்பது. காட்டில் பகல் பொழுதின் பெரும்பகுதி அதற்கே சரியாகப் போகும். முள்ளுக்கு நடுவே அரை மீட்டர் நாக்கை விட்டு, கிளையை வளைத்து, இலையை மட்டும் உருவி எடுக்கும். அதற்குத் தீவனத்தைத் தொட்டியில் கொட்டினால் சீக்கிரமே தின்று முடித்துவிடும். அப்புறம் அந்த நாக்கு என்ன செய்யும்? கம்பி, சுவர் என்று எதையாவது தேடும். அமெரிக்க ஜூக்களில் 200-க்கும் மேற்பட்ட ஒட்டகச்சிவிங்கிகளையும், அவற்றின் நெருங்கிய உறவான ஒகாபிகளையும் ஆய்வு செய்து 2001-ல் வெளியான கணக்கில், முக்கால்வாசிக்கும் மேல் இப்படி ஏதாவது ஒரு பழக்கத்தோடு இருந்தன.

அடுத்த முறை போனால் தழை எங்கே கட்டியிருக்கிறது என்று பாருங்கள். தலைக்கு மேலே, சின்னக் கண் வலைக்குள் வைத்துச் சிரமப்பட்டு இழுக்கவிட்டால் நல்ல பராமரிப்பு. அசைபோடும்போது கழுத்தையும் கவனியுங்கள். தோலுக்கடியில் ஓர் உருண்டை விறுவிறுவென்று மேலேறும், மென்று முடித்ததும் அதே வழியில் இறங்கும். எனக்கு அதைப் பார்த்து அலுத்ததே இல்லை.

கார்த்திக், பத்தாம் வகுப்பு: கழுத்தில் எத்தனை எலும்பு அண்ணா?

7. உனக்கும் 7-தான் தம்பி. அதனுடையது ஒவ்வொன்றும் ஒரு ஜாண் வரும்.

ரஹீம், காயல்பட்டினம்: தண்ணீர் குடிக்கக் குனிந்தால் ரத்தம் தலைக்கு ஏறாதா?

அதன் ரத்த அழுத்தம் நம்மைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, இதயம் மட்டும் பத்துக் கிலோ அளவில். அப்படியும் ஒன்றும் ஆவதில்லை. கழுத்துச் சிரைகளில் வால்வுகள் உண்டு. மூளைக்கடியில் இருக்கும் ரத்தநாள வலை வேகத்தைத் தணிக்கும். கால் தோல் இறுக்கமாக இருப்பதால் ரத்தம் கீழே தேங்காது.

ஜூக்காரருக்குக் கவலை வேறு. முன்கால்களை அகட்டி நிற்கும்போது தரை வழுக்கினால் கால் விரிந்து விழுந்துவிடும், எழுப்புவது பெரும்பாடு. மயக்க ஊசியும் ஆபத்துதான். வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் போகலாம், கழுத்து மடங்கிக் கிடக்கலாம். அதனால் குளம்பு வெட்டுவதற்குக்கூட இப்போது பழக்கித்தான் செய்கிறார்கள். மரக்கட்டைமேல் தானே காலை வைக்கும், கேரட்டும் தழையும்தான் கூலி.

மாலதி, திருச்சி: டென்மார்க்கில் நல்ல ஆரோக்கியமான குட்டியைக் கொன்றார்களாமே, ஏன்?

கோபன்ஹேகன் ஜூ, பிப்ரவரி 2014. மாரியஸ் என்ற இளம் ஆண். ஐரோப்பிய இனப்பெருக்கத் திட்டத்தில் அதன் மரபணு ஏற்கெனவே நிறைய இருந்தது, இன்னும் சேர்ந்தால் உறவுக்குள்ளேயே கலப்பு வரும் என்றார்கள். கொன்ற பிறகு உடலைப் பார்வையாளர் முன்னாலேயே அறுத்து, இறைச்சியைச் சிங்கத்துக்கும் போட்டார்கள். வேறு ஜூக்கள் கேட்டும் கொடுக்கவில்லை. அவர்கள் கணக்கு தப்பில்லை. ஆனால் குட்டி பிறக்காமல் தடுக்கும் வழி இருக்கும்போது பிறக்கவிட்டுக் கொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே மாலதி: அப்படியானால் ஜூவில் வளர்ப்பதால் இனம் பிழைக்குமா?

நேரடியாக இல்லை. ஜூவில் பிறந்ததைக் காட்டில் விடுவது அபூர்வம். 1985 வாக்கில் ஆப்பிரிக்காவில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தவை 2015-ல் ஒரு லட்சத்துக்கும் கீழே வந்தன. காடு விளைநிலமானது, வேட்டை, உள்நாட்டுச் சண்டை எல்லாம் சேர்ந்து செய்த வேலை. 2016-ல் ஐ.யு.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அழியும் ஆபத்துள்ள பட்டியலில் சேர்த்தது. 2025-ல் அதுவே, இவை ஒரே இனமல்ல, நான்கு இனங்கள் என்று ஏற்றது. இனி ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

மீண்ட கதை நைஜர் நாட்டில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க வகை 1996-ல் வெறும் 49. இன்று 600-க்கு மேல். ஜூவிலிருந்து கொண்டுபோய் விட்டதல்ல. அரசு வேட்டையைத் தடுத்தது, கூரே பகுதிக் கிராமத்தார் தங்கள் வயலோரமே அவை திரிவதைச் சகித்துக்கொண்டார்கள். 2018-ல் எட்டைப் பிடித்து கடபெட்ஜி காப்பகத்தில் விட்டார்கள். இதுபோன்ற வேலைக்குப் பணமும், மயக்கமருந்து அனுபவமும் கொடுத்து ஜூக்கள் உதவலாம். நுழைவுச்சீட்டுக் காசில் எவ்வளவு அங்கே போகிறது என்று கேளுங்கள்.

ஜெயா, நாகர்கோவில்: சத்தமே போடாதா?

போடும். பெர்லின், வியன்னா, கோபன்ஹேகன் ஜூக்களில் 900 மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்து, இரவில் தாழ்ந்த குரலில் ரீங்கரிப்பதை 2015-ல் வெளியிட்டார்கள். எதற்காக என்பது இன்னும் தெளிவாகவில்லை.

பெயர் வேண்டாம்: ஆண், பெண் எப்படிக் கண்டுபிடிப்பது? குழந்தை கேட்டு மானத்தை வாங்குகிறது.

கொம்பு நுனியைப் பாருங்கள். ரோமக் குஞ்சம் இருந்தால் பெரும்பாலும் பெண். வழுக்கையாக, தடித்து இருந்தால் ஆண், சண்டை போட்டே தேய்த்திருக்கும். குட்டிகளிடம் இந்த வித்தை பலிக்காது.