எபனியும் கருங்காலியும் ஒன்றா?

வணக்கம். எகிப்திய அரசர் துட்டன்காமனின் சிறுவயது 'எபனி' நாற்காலியைப் பற்றிய குறிப்பை மொழிபெயர்க்கையில் அதைக் 'கருங்காலி' என்று எழுதலாமா என்றும், 'எபனி' என்ற சொல் தமிழிலிருந்து சென்றதா என்றும் கேட்டிருந்தீர்கள்.

தமிழிலிருந்து செல்லவில்லை. பண்டை எகிப்தியர் உயிரெழுத்துகளின்றி ஏறத்தாழ 'ஹ்ப்ன்ய்' என எழுதிய சொல்லே கிரேக்கத்தில் 'எபெனோஸ்' என்றும் இலத்தீனில் 'எபெனுஸ்' என்றும் மாறி, ஐரோப்பிய மொழிகளில் பரவியது.

சிக்கல் மரத்தில்தான் இருக்கிறது. எகிப்தியர் அப்பெயரால் குறித்தது பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் வளரும் டால்பெர்ஜியா மெலனாக்சிலான் என்ற மரத்தை. அது நம் ஊர் ஈட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. ஹட்செப்சுட் அரசியின் கோயில் சுவரில், எகிப்தியர் வணிகம் செய்த ஆப்பிரிக்கப் பகுதியான புந்து நாட்டிலிருந்து கப்பலேறிய பொருள்களின் வரிசையில் அதுவும் இடம்பெறுகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கருங்காலி எனப்படும் டயோஸ்பைரோஸ் எபெனம், பனிச்சைக்கும் பீடியிலை மரத்துக்கும் உறவானது. அதன் வெளிமரம் வெளிறியிருக்கும். வைரம் எனப்படும் உள்மரம் மட்டுமே கறுப்பாகி, நீரில் மூழ்குமளவு கனத்திருக்கும்.

'கருங்காலி' என்பதில் உள்ள 'கால்' அடிமரத்தைக் குறிப்பது. சங்கப் பாடல்களின் 'கருங்கால் வேங்கை'யிலும் அப்பொருளே. காட்டிக்கொடுப்பவன் என்ற வசைப்பொருளுக்கு, தன் இனத்தையே வெட்டும் கோடரிக்குக் காம்பானதால் வந்தது என்று வழக்கமாகக் காரணம் சொல்வார்கள்.

ஆகவே, உங்கள் குறிப்பில் 'எபனி எனும் ஆப்பிரிக்கக் கருமரம்' என்று எழுதுவதே பொருத்தம்.